ஏரி வீட்டுத் தண்ணீர்

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பெண் வந்து நிலம் அளந்தாள். ஒரு கையில் கம்பு. கம்பின் உச்சியில் காளான் குடை மாதிரி வெள்ளையாக ஒரு குமிழ். இன்னொரு கையில் போன் போல ஒன்று. கம்பை ஊன்றினாள், கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாள், அடுத்த மூலைக்குப் போய்விட்டாள். சங்கிலி இல்லை, கொடி இல்லை, கூட இழுக்க ஆள் இல்லை. நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன்.

"இன்னா ஆயா, அப்டி பாக்கறீங்க?" என்றாள்.

"எத்தப் புடிச்சும்மா அளக்கற? மூலக்கல்லு எங்க?"

அவள் சிரித்துக்கொண்டு விரலால் வானத்தைக் காட்டினாள். "மேலருந்து வருது ஆயா. சாட்டிலைட்டு."

நானும் அண்ணாந்து பார்த்தேன். வெயில்தான் தெரிந்தது. ஆனாலும் கழுத்து வலிக்கும் வரை பார்த்தேன். மண்ணுக்குள் நட்டு வைத்த மூலைக்கல்லைத் தேடித் தேடியே என் வாழ்க்கை போயிற்று. இவர்கள் மூலைக்கல்லை வானத்தில் நட்டுவிட்டார்கள்! அந்த மெஷினை நான் குறை சொல்ல மாட்டேன். கும்பிடத்தான் தோன்றியது.

"நானும் சர்வேதாம்மா, சங்கிலி இழுத்தவ" என்றேன். அவள் நம்பவில்லை. "பொம்பளையா? சங்கிலியா?" என்றாள். இந்தக் கேள்வியை நான் வேலையில் சேர்ந்த அன்றே கேட்டாயிற்று. அதனால்தான் ஓய்வு பெற்றவர்கள் போடும் மலருக்கு நீயும் எழுது என்று எங்கள் ஆட்கள் சொன்னபோது சரி என்றேன். நான் பூந்தமல்லியில் கோயில் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். மெள்ளத்தான் வரும். அவசரப்படுகிறவர்கள் வேறு பக்கம் புரட்டிக்கொள்ளலாம்.

என் வீட்டுக்காரர் சர்வே ஆபீசில் சங்கிலி ஆள். மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அவர் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். முதல் நாள் ஆபீஸ் வராந்தாவில் நான் நின்றபோது, கண்ணியப்பன் என்று ஒரு மூத்த சங்கிலி ஆள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அண்ணி, பொடவ கட்டிகினு முள்ளுல பூந்தா பொடவ முள்ளுக்குத்தான் சொந்தம்" என்றார். மறுநாள் என் வீட்டுக்காரரின் காக்கிச் சட்டையைப் புடவை மேல் போட்டுக்கொண்டு, புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு போய் நின்றேன். அதற்கப்புறம் அவர் என்னை அண்ணி என்று கூப்பிட்டதில்லை. மேரி என்றுதான் கூப்பிட்டார். அதில் ஒரு மரியாதை இருந்தது. எனக்கு அவர் அண்ணன் ஆனார்.

பழகிய கதையை நீட்ட மாட்டேன். உள்ளங்கை கிழிந்தது, காய்த்தது, அவ்வளவுதான். ஆனால் சங்கிலியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

இரும்புக் கம்பியில் நூறு கண்ணி கோத்தது. இழுத்துப் பிடித்தால் அறுபத்தாறு அடி. இரண்டு முனையிலும் பித்தளைப் பிடி. பத்துப் பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளைத் தகடு தொங்கும். பத்தாவதில் ஒரு பல், இருபதில் இரண்டு பல், முப்பதில் மூன்று, நாற்பதில் நாலு. நட்ட நடுவே ஐம்பதில் பல்லே இல்லாத வட்டத் தகடு. வட்டம் தாண்டினால் மறுபடி நாலு, மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கும். எந்த முனையைப் பிடித்து அளந்தாலும் சரியாக வரட்டும் என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். அதாவது, நாலு பல் தகடு நாற்பதிலும் தொங்கும், அறுபதிலும் தொங்கும். பிறகு டேப் எல்லாம் வந்துவிட்டது. ஆனால் நிலத்தை வரைந்து வைத்த பழைய புலப்படங்களில் கணக்கு எல்லாம் கண்ணியில் இருக்கும். அதனால் பழைய வில்லங்கம் என்றால் எங்கள் சார் சங்கிலியைத்தான் எடுக்கச் சொல்வார்.

சார் என்றால் சர்வேயர் வேதாச்சலம் சார். ஒல்லியான ஆள். தலையில் ஈரத்துண்டு, தோளில் ஒரு கூஜா. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யார் எது கேட்டாலும், "அளந்துட்டுச் சொல்றேன்" என்பார். "தோராயமா சொல்லுங்க சார்" என்று எம்.எல்.ஏ. ஆளே வந்து கேட்டாலும் அதே பதில்தான். சாயங்காலம் சங்கிலியை மண்ணெண்ணெய்த் துணியால் அவரே துடைத்து, அவரே மடக்கிக் கட்டுவார்.

அவரிடம் இரண்டு சட்டம் உண்டு. ஒன்று, சங்கிலியைப் பார்த்து எண்ணைச் சொல்கிறவர் வட்டத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "நாலு பல்லு, வட்டத்துக்கு முன்னே!" அல்லது "நாலு பல்லு, வட்டம் தாண்டி!" என்று வெட்டவெளியில் கத்த வேண்டும். அந்தப் பக்கம் பிடித்திருக்கிறவர் அதைத் திருப்பிக் கத்த வேண்டும். கத்தாவிட்டால் சார் எழுத மாட்டார், பேனாவை மூடிக்கொண்டு நிற்பார். "இன்னா சார் இது, கொத்தவால்சாவடி ஏலம் மாதிரி" என்று கண்ணியப்பன் அண்ணன் முணுமுணுப்பார். அப்புறம் எல்லாரையும் விடச் சத்தமாக அவர்தான் கத்துவார்.

இரண்டாவது சட்டம் தண்ணீர். அளக்கப் போன இடத்தில், அளந்து முடியும் வரைக்கும், யார் வீட்டிலும் பச்சைத் தண்ணீர்கூட வாங்கக் கூடாது. கூஜாவில் கொண்டுபோனதுதான். ஒருமுறை ஒருவருடைய கொல்லைக்கும் ஏரிக்கும் எல்லை பார்த்துக்கொண்டிருந்தோம். சரியான வெயில். கண்ணியப்பன் அண்ணன் முகம் கழுவ ஏரியில் இறங்கினார்.

"கண்ணியப்பா, மேல வா."

"மூஞ்சிதான் சார் கய்வறேன்."

"இன்னிக்கு யாருக்கும் யாருக்கும் நடுவுல அளக்கறோம்?"

"கொல்லைக்காரருக்கும் ஏரிக்கும் சார்."

"அப்ப ஏரி யாரு?"

அண்ணன் யோசித்தார். "பார்ட்டி சார்."

"அதுக்கு வாய் இல்லங்கறதால பார்ட்டி இல்லன்னு ஆயிடுமா?"

அண்ணன் காய்ந்த முகத்தோடு மேலே ஏறி வந்தார். "ஏரி ஊட்டுத் தண்ணி கூட நமக்குக் குடுத்து வெக்கல மேரி" என்றார். நான் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு அந்த ஏரியைப் பார்த்த பார்வை வேறு. அவ்வளவு பெரிய தண்ணீர், தன் பங்கைக் கேட்க வாய் இல்லாமல், நாங்கள் அளந்து சொல்லட்டும் என்று சும்மா படுத்துக் கிடக்கிறது என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

வெளியில் திரிந்த வேலை. நாலு சுவருக்குள் உட்கார்ந்து சம்பாதித்தவர்களுக்கு அது புரியாது. விடியலில் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றிருக்கிறேன். தண்ணீரும் வானமும் எங்கே ஒட்டுகின்றன என்று தெரியாது. அந்த வெண்மையில் தூரத்தில் ஒரு சிவப்புத் துணி ஆடும். அது சார் பக்கத்துக் கொடி. அந்தத் துணிக்கும் என் கைக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு கோடு ஓடுகிறது, அதன் ஒரு முனையை நான் பிடித்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். பூசைக்கு நடுவில் மணி அடிக்கும்போது முழங்காலில் நிற்பேனே, அந்த மாதிரி ஒரு அமைதி வரும்.

அங்கேதான் ஒரு நாள், கோடு போகிற வழியில், வெறும் கூழாங்கல்லுக்கு நடுவே ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்தது. அதற்குக் கூடெல்லாம் கிடையாது, தரைதான். தாயும் தகப்பனும் எங்கள் தலை மேல் பறந்து பறந்து கத்தின. "ஒதுக்கி வெச்சுட்டு போலாமா சார்?" என்று கேட்டேன். சார் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். முட்டைக்கு முன்பே நின்று செங்கோணத்தில் திரும்பினோம். கொஞ்ச தூரம் விலகி, கோட்டுக்கு இணையாக நடந்து, முட்டையைத் தாண்டி, அதே தூரம் உள்ளே வந்தோம். வந்து நின்று பின்னால் பார்த்தால், எங்கள் இரண்டு கொடியும் ஒன்றின் பின் ஒன்று ஒளிந்துகொண்டு ஒரே கொடியாக நின்றன. கோட்டை விட்டு விலகிப் போனவர்கள் கோட்டுக்கே திரும்பி வந்துவிட்டோம். கட்டை விரல் அளவுகூடப் பிசகவில்லை. குருவி இறங்கி முட்டை மேல் உட்கார்ந்துகொண்டது.

இனி தேசம்மாள் கதை.

பாரிவாக்கம் தாண்டி உள்ளே ஒரு சின்ன ஏரி. பெயர் வேண்டாம். ஒரு பக்கம் கரை, எதிர்ப் பக்கம் மேட்டை நோக்கி மெதுவாக ஏறும் தரை. மழை நல்லா பெய்தால் அங்கே வரைக்கும் தண்ணீர் பரவும். பெய்யாத வருஷங்களில் அது வெறும் முள்ளுக்காடு. அந்த மேட்டுப் பக்கத்துக் கடைசி வீடு தேசம்மாளுடையது. அவள் புருஷன் ஏகாம்பரம் பாடியில் ஒரு கம்பெனியில் வேலை செய்தவர். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகக் கல் அடுக்கி அவரே கட்டிய வீடு. அவர் காலமாகிவிட்டார். தேசம்மாள் அந்த வீட்டின் பின்கட்டில் அடுப்பு வைத்து, பக்கத்து குடோன் ஆட்களுக்குச் சோறாக்கிப் போட்டுப் பிழைத்தாள்.

ஏரி ஆக்கிரமிப்பை எடுக்கும்போது அவள் வீட்டை விட்டுவிட்டார்கள். காரணம், ஏரியின் மூலைக்கல் அவள் வீட்டுக்குப் பின்னால், ஏரிப் பக்கம் தள்ளி நின்றது. அவள் புருஷனின் பங்காளி துரைக்கண்ணு. கொஞ்சம் தள்ளி இருந்த அவருடைய மாட்டுக்கொட்டகை மட்டும் போய்விட்டது. அவருக்கு அது ஆறவில்லை. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற அன்று, தேசம்மாள் எல்லாருக்கும் ஊற்றிக்கொண்டு வந்தாள். துரைக்கண்ணு சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டாராம்.

"கல்லப் புடுங்கி நட்டு ஏரியத் துன்னவன் ஊட்டுக் கூழு எனக்கு வாணாம்."

இதை ஊரே கேட்டது. தேசம்மாள் மறுவாரமே ஆபீசுக்கு வந்து நின்றாள். வீட்டுக்காக வரவில்லை. "கல்ல அளந்து பாருங்க" என்று அவளே மனுக் கொடுத்தாள்.

சார் மனுவைப் படித்துவிட்டு அவளைப் பார்த்தார். "அளந்தா உன் வீடு உள்ளே வந்தாலும் வரும்மா. தெரியுமா?"

"வரட்டும் சார். எங்க ஊட்டுக்காரரு கல்லு மேல கை வெச்சாரா இல்லையா, அத்த மட்டும் எனக்குச் சொல்லுங்க."

"அளந்துட்டுச் சொல்றேன்" என்றார் சார்.

நாங்கள் போனது கோடையில். ஏரியில் சொட்டுத் தண்ணீர் இல்லை, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஊர் பாதி அங்கே நின்றது. துரைக்கண்ணு வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தார். தேசம்மாள் ஒரு குடம் தண்ணீரும் டம்ளரும் கொண்டுவந்து வைத்தாள். சார் கூஜாவைத் தட்டிக் காட்டினார். அவள் முகம் சுருங்கிவிட்டது. கூழை மறுத்தவர் நினைப்பு வந்திருக்கும். நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "இது எங்க சார் வழக்கம்மா, யாரு ஊட்லயும் குடிக்க மாட்டாரு, அளந்து முடியட்டும்" என்றேன். அவள் குடத்தை எடுக்கவில்லை. மூடி மட்டும் போட்டுவிட்டுப் போனாள்.

ஊர்ப் பக்கம் ரோட்டோரத்தில் ஒரு பழைய கல் இருந்தது. அது ஆடாத கல். இன்னும் இரண்டு கல்லிலிருந்து அளந்து அது சரிதான் என்று சார் முதலில் உறுதி செய்துகொண்டார். அங்கிருந்து ஏரி மூலைக்கல் நாலு சங்கிலி நாற்பது கண்ணி என்று படத்தில் இருந்தது.

ரோட்டுக் கல்லில் ஒரு கொடி. தேசம்மாள் வீட்டுக்குப் பின்னால் நின்ற மூலைக்கல்லில் ஒரு கொடி. நடுவில் வீடு. தேசம்மாள் முன்கதவு, நடுக்கதவு, பின்கதவு எல்லாவற்றையும் திறந்து விட்டாள். சார் வாசலில் குந்தி உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "செல்வமேரி, நீ வந்து பாரு" என்றார். நானும் குந்திப் பார்த்தேன். மூன்று கதவு வழியாக, இருட்டுக்கு அந்தப் பக்கம், வெளிச்சத்தில் அந்தக் கொடி. திரும்பிப் பின்னால் பார்த்தால் ரோட்டுக் கொடி. நூல் பிடித்த மாதிரி நேர்.

சார் சங்கிலிக் கட்டை எங்களிடம் நீட்டினார். "சங்கிலி போடு" என்றார்.

ஒரு சங்கிலி, இரண்டு, மூன்று. நாலாவது சங்கிலி வாசல்படியில் வந்து முடிந்தது. அடையாளத்துக்குக் கம்பி ஊசி குத்தினோம். அடுத்தது வீட்டுக்குள் போக வேண்டும். கண்ணியப்பன் அண்ணன் செருப்பைக் கழற்றி வெளியே விட்டார். அவர் பிடித்த முனை படியில். நான் மறுமுனையை இழுத்துக்கொண்டு நடந்தேன். கட்டில், அரிசிப் பானை, மாலை போட்ட ஏகாம்பரம் படம் எல்லாவற்றையும் தாண்டி அந்தச் சங்கிலி சிமென்டுத் தரையில் சலசலவென்று ஊர்ந்தது. வீட்டுக்குள் சங்கிலியின் சத்தம் வேறு மாதிரி இருக்கிறது. பின்கதவு வழியாக வெளியே போய், மூலைக்கல்லையும் தாண்டி, இழுத்துப் பிடித்தேன். சங்கிலி தளரவில்லை. சார் உள்ளே வந்து ஒவ்வொரு தகடாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். என் முனையைத் தான் வாங்கிப் பிடித்துக்கொண்டு, என்னை மூலைக்கல் பக்கத்துக்கு அனுப்பி, "கல்லுக்கு எது வருது, சொல்லு" என்றார்.

நான் குனிந்து பார்த்துவிட்டுக் கத்தினேன். "நாலு பல்லு, வட்டம் தாண்டி!"

வாசல்படியிலிருந்து அண்ணன் குரல் திரும்பி வந்தது. "நாலு பல்லு, வட்டம் தாண்டி!"

படத்தில் நாற்பது. கல் நிற்பது அறுபதில்.

"பாத்தியா!" என்று துரைக்கண்ணு எழுந்துவிட்டார். "இருவது கண்ணி ஏரிக்குள்ள தள்ளி நட்டுக்கீறான்! நான் சொன்னப்போ எல்லாரும் என்னிய இன்னா பேச்சு பேசினீங்க!"

தேசம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. சாரையே பார்த்தாள்.

சார் துரைக்கண்ணு பக்கம் திரும்பவே இல்லை. முனையை மறுபடி என்னிடம் கொடுத்து இழுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்குள் போய், வட்டத்துக்கு முன்னே இருந்த நாலு பல் தகட்டைக் கையில் எடுத்து, அது தரையில் எங்கே படுகிறது என்று பார்த்தார். அடுப்புக்குப் பக்கத்தில் பட்டது.

எங்கள் பக்கத்தில் பழைய சர்வேக்காரர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கல் நடுகிற குழியில் முதலில் இரண்டு கை கரியும் ஓட்டாஞ்சில்லும் போட்டு இறுக்கி, அதன் மேல்தான் கல்லை வைப்பார்கள். கல்லை யாராவது பிடுங்கலாம், கரியை யாரும் பிடுங்க மாட்டார்கள். மண்ணுக்குள் கரி மக்காது. கல் போன இடத்தைக் கரி சொல்லும்.

"தேசம்மா, அடுப்பாண்ட தோண்டணும்" என்றார் சார். "வேணாம்னா இப்படியே எழுதிட்டுப் போயிடறேன். கல்லு தப்பா நிக்குதுன்னு மட்டும் வரும். யாரு நட்டதுன்னு வராது."

அவள் உள்ளே போனாள். அன்றைக்குக் குடோனுக்குச் சோறு வடித்த அடுப்பு, இன்னும் சூடாக இருந்தது. கொள்ளியை இழுத்து வெளியே போட்டுத் தண்ணீர் தெளித்தாள். "தோண்டுங்க" என்றாள்.

நானும் அண்ணனும்தான் தோண்டினோம். சிமென்டுப் பூச்சை மட்டும் கடப்பாரையால் பெயர்த்துவிட்டு, மீதியைக் களைக்கொத்தாலும் கையாலும் எடுத்தோம். ஒரு முழம்கூடப் போகவில்லை, கறுப்பாக வந்தது.

துரைக்கண்ணு கதவில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "அடுப்பங்கரையில கரி கெடைக்காம வைரமா கெடைக்கும்? நல்லாக் கீதுப்பா சர்வே!"

கூட நின்றவர்களும் சிரித்தார்கள். நானே களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டேன். அவர் சொன்னது நியாயம்தானே?

சார் குழி ஓரத்தில் முழங்கால் போட்டார். அந்தக் கரியை விரலால் தேய்த்தார். சாம்பலாக உதிர்ந்தது. "இது அடுப்புது, சிமென்டு பூசறதுக்கு முன்னே எரிச்சது. இன்னும் கீழே" என்றார். வீடு கட்டும்போது கொட்டிய செம்மண் வந்தது. அதையும் எடுத்தோம். அப்புறம் ஏரியின் சொந்த மண், நீலம் பாய்ந்த களிமண், ஈரமாக, பிசுபிசுவென்று. கோடையிலும் ஈரம்! அதில் ஒன்றும் இல்லை. "இன்னும்" என்றார். என் தோள் வரைக்கும் குழிக்குள் போயிற்று. கை விரலில் ஏதோ கரகரத்தது.

மெதுவாகச் சுற்றி வழித்து எடுத்தேன். களிமண்ணுக்கு நடுவே ஒரு கல் உட்காரும் அளவுக்குச் சதுரமாக ஒரு கறுப்பு. மேலே ஓட்டாஞ்சில். அதன் கீழே கரி. ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். மரத்தின் வரி வரியாக அதில் தெரிந்தது, நேற்று எரித்து அணைத்த மாதிரி. எந்த மரமோ, யார் எரித்ததோ. என் பாட்டன் பிறப்பதற்கு முந்தின கை ஒன்று அதை அங்கே வைத்து, இதுதான் ஏரியின் மூலை என்று அழுத்திவிட்டுப் போயிருக்கிறது. நான் அந்தக் கைக்கு மேல் கை வைத்த மாதிரி இருந்தது. என்னை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டேன்.

எட்டிப் பார்த்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

சார் எழுந்து வாசலுக்கு வந்தார். சங்கிலியைத் தரையில் நீட்டி, இரண்டு நாலு பல் தகட்டையும் எல்லாருக்கும் காட்டினார்.

"இங்க பாருங்க. இதுவும் நாலு பல்லு, அதுவும் நாலு பல்லு. பழைய கல்லு எப்பவோ போயிடுச்சு. மறுபடி நட வந்தவங்க நாப்பதுல நடணும். வட்டத்தைக் கவனிக்காம அறுபதுல நட்டுட்டாங்க. எங்க ஆளுங்க பண்ண தப்பு. ஏகாம்பரம் பண்ணது இல்ல."

துரைக்கண்ணு விடவில்லை. "அவன் நட்டது இல்லன்னு எப்டி சார் சொல்றீங்க? கரெக்ட்டா இருவது கண்ணி தள்ளி அவனே நட்டிருக்கலாமே?"

"துரைக்கண்ணு, இங்க வாங்க. உக்காருங்க. ஒரு கண்ண மூடிக்கிட்டுப் பாருங்க." சார் அவரைத் தோளைப் பிடித்து வாசலில் குந்த வைத்தார். "கொடி எங்க நிக்குது?"

துரைக்கண்ணு பார்த்தார். திரும்பி ரோட்டுக் கொடியைப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார்.

"நேராத்தான் கீது."

"கல்லைத் திருடறவன் நூல் புடிச்சுத் திருடுவானா?"

துரைக்கண்ணு தேசம்மாளைப் பார்க்காமல் எழுந்தார்.

சார் மனுவின் பின்பக்கம் எழுதிக்கொண்டே, எழுதியதை உரக்கச் சொன்னார். அது அவர் பழக்கம். கல் தவறான இடத்தில் நிற்கிறது, நட்டவர்கள் சர்வேக்காரர்கள், வீட்டுக்காரருக்கு இதில் சம்பந்தம் இல்லை. அடுத்த வரியையும் அதே குரலில்தான் சொன்னார். சரியான எல்லை பின்கட்டின் குறுக்கே போகிறது. அடுப்பங்கரை ஏரிக்குள் வருகிறது. முன்கட்டு வெளியே நிற்கிறது.

அந்த அடுப்பு அவள் சோறு. எல்லாருக்கும் தெரியும். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று நான் நினைத்தேன். எனக்கே, சார், அந்த ரெண்டாவது வரிய எழுதாதீங்க என்று தொண்டை வரைக்கும் வந்தது.

தேசம்மாள் போய்க் குடத்து மூடியை எடுத்தாள். ஒரு டம்ளர் மொண்டு சாரிடம் வந்தாள். "அளந்து முடிச்சிட்டீங்களா சார்?"

"முடிச்சுட்டேன்மா."

"அப்ப குடிங்க."

வேதாச்சலம் சார் துண்டைத் தலையிலிருந்து எடுத்துத் தோளில் போட்டார். டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினார். ஒரு மூச்சில் குடித்தார், இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தார். அப்புறம் எனக்கு. அப்புறம் அண்ணனுக்கு. நான் எத்தனையோ கிணற்றுத் தண்ணீர் குடித்திருக்கிறேன். வீட்டில் பாதியைப் பறிகொடுத்தவள் கையால் வாங்கிக் குடித்தது அந்த ஒரு தடவைதான். அவளுக்கு முன்னால் நிமிர்ந்து நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

துரைக்கண்ணு வேப்பமரத்தடியில் நின்றார். தேசம்மாள் டம்ளரை நிரப்பிக்கொண்டு அவரிடமும் போனாள். அவர் வாங்கிக்கொண்டார். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அவர் குடித்ததைப் பார்த்தேன்.

கரிக்கு மேலேயே புதுக் கல்லை நட்டோம். திரும்பும்போது கண்ணியப்பன் அண்ணன் வெடித்துக் கிடந்த ஏரியைக் காட்டினார். "தேசம்மா ஊட்டுத் தண்ணி குடிச்சாச்சு. இன்னொரு பார்ட்டி ஊட்ல ஒண்ணுமே இல்லியே சார்?"

"அதுகிட்ட இருக்கும்போது குடுக்கும்" என்றார் சார்.

யாரும் இடிக்க வருமுன் தேசம்மாளே பின்கட்டைப் பிரித்துவிட்டாள். கூரை ஷீட்டை இறக்க துரைக்கண்ணு ஆள் கூட்டி வந்தாராம். அடுப்பு வாசல் பக்கம் வந்தது. வாசலில் அடுப்பு இருந்ததால், ரோட்டில் போகிற லாரிக்காரர்களும் நிறுத்திச் சாப்பிட்டார்கள் என்று பிற்பாடு சொன்னாள். எங்களுக்குள் பழக்கம் விடவில்லை. அவள் என்னை அக்கா என்பாள்.

சார் ஓய்வு பெற்று மகன் ஊருக்குப் போனார். கண்ணியப்பன் அண்ணன் தவறிப்போனார். நானும் வேலையை விட்டு இறங்கினேன். அப்புறம் ஒரு ஐப்பசியில் பெருமழை வந்தது. ஓயாத மழை. விட்ட மறுநாள் தேசம்மாள் போன் செய்தாள்.

"யக்கா, எய்ந்து வா. வந்து பாரு."

"இன்னாடி? ஊட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சா?"

"நீ வந்து பாருன்றேன்."

ஷேர் ஆட்டோ பாதி, நடை பாதியாகப் போய்ச் சேர்ந்தேன். ஏரி ரொம்பி, அந்தக் கோடியில் மிச்சத் தண்ணீர் கலங்கலில் வழிந்து ஓடுகிற இரைச்சல் கேட்டது. முள்ளுக்காடு, வெடிப்பு, பழைய தப்புக் கல் நின்ற இடம் எதுவும் இல்லை, எல்லாம் ஒரே தண்ணீர். தேசம்மாள் என் கையைப் பிடித்து வீட்டுக்குள் அழைத்துப் போனாள். முன்கட்டுத் தரை காய்ந்து கிடந்தது. இப்போது பின்கதவாகிவிட்ட நடுக்கதவைத் திறந்தாள்.

நாங்கள் நட்ட கல் நின்றது. தண்ணீர் அது வரைக்கும் வந்து, கல்லின் அடியை நக்கிக்கொண்டு, நின்றுவிட்டது. அடுப்பங்கரை இருந்த இடம் பூராவும் தண்ணீரில் வானம் தெரிந்தது. கல்லுக்கு இந்தப் பக்கம் ஈர மண், அவ்வளவுதான். யாரோ ஒரு காலத்தில் ஏரி நிரம்பியிருந்தபோது இதே இடத்தில் நின்று, தண்ணீர் எது வரைக்கும் வருகிறது என்று பார்த்து, குழி தோண்டிக் கரி போட்டிருக்கிறார்கள். நடுவில் மனிதர்கள் எத்தனை தப்பாக எண்ணினாலும் ஏரி மறக்கவில்லை. அதுவே வந்து, தன் மூலையைத் தொட்டுக் காட்டியது.

"எங்க ஊட்டுக்காரரு இருந்து பாக்கணும் யக்கா" என்றாள் தேசம்மாள். நான் வேதாச்சலம் சாரை நினைத்தேன். அண்ணனை நினைத்தேன்.

பிறகு புடவையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு கல்லுக்குப் பக்கத்தில் குந்தினேன். அளக்க ஒன்றும் பாக்கி இல்லை. இரண்டு கையாலும் அள்ளி முகம் கழுவினேன்.